லேசரில் பொறித்த சிலேட்டுக்கு எண்ணெய் பூசலாமா? பூசினால் எது?

கேள்வி: 3 மார்ச் 2023, காலை

10 வாட் டையோடு லேசரில் சிலேட்டுக் கல் கோஸ்டர் (டம்ளர், டபராவுக்கு அடியில் வைக்கும் தட்டைக் கல்) செய்து பழகுகிறேன். எழுத்து பளிச்சென்று வெள்ளையாக வந்தது. எண்ணெய் பூசினால்தான் கல்லுக்குப் பாதுகாப்பு, இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கி எழுத்து அழிந்துபோகும் என்று ஒருவர் சொன்னார். தேங்காய் எண்ணெய் தடவினேன். கல் நன்றாகக் கறுத்தது. ஆனால் எழுத்தும் சேர்ந்து மங்கிவிட்டது. எந்த எண்ணெய் பூச வேண்டும்? எழுத்து திரும்ப வெளுக்குமா?

3 மார்ச் 2023, இரவு

வெளுக்கும். எப்படி என்பதைத் தனியாக எழுதுகிறேன், இங்கே கரண்ட் இல்லை, போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்தப் 'பாதுகாப்பு' பேச்சை விடுங்கள். சிலேட்டு வீட்டுக்கூரைக்குப் போடும் கல். வேல்ஸ் நாட்டில் 19-ஆம் நூற்றாண்டில் வெட்டியெடுத்த சிலேட்டு இன்றும் கூரைகளில் இருக்கிறது. ஏணி போட்டு ஏறி யாரும் அதற்கு எண்ணெய் தடவவில்லை. லேசர் எழுத்து மையும் அல்ல, பெயிண்டும் அல்ல. கல்லின் மேல்தோலே உருகி நிறம் மாறியிருக்கிறது. தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. எண்ணெய் செய்கிற வேலை கல்லைக் கறுப்பாகக் காட்டுவது, அவ்வளவுதான். கறுப்பு வேண்டாம் என்றால் எண்ணெயே வேண்டாம்.

கறுப்பு வேண்டும் என்றால் மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் கேளுங்கள். மலச்சிக்கலுக்குக் கொடுப்பது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. நிறமில்லை, மணமில்லை, சிக்குப்பிடிக்காது. வெளிநாட்டு வீடியோக்களில் மினரல் ஆயில் என்று சொல்வது இதைத்தான். பேபி ஆயிலும் பெரும்பாலும் இதுவே, கூடக் கொஞ்சம் வாசனை.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். மார்கழிக் காலையில் எழுத்துக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கும்போது 'அட, எழுத்து திரும்பி வந்துவிட்டதே' என்று சந்தோஷப்படுவீர்கள், ஒன்பது மணி வெயிலில் மறுபடி மங்கிவிடும்.

4 மார்ச் 2023

எழுத்து ஏன் மங்கியது என்று கேட்டிருக்கிறார். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

சிலேட்டு உண்மையில் கறுப்புதான். களிமண் படிவு பூமிக்குள் அழுந்தி, சூடாகி, தகடு தகடாக ஆன கல். உள்ளே குவார்ட்ஸ், மைக்கா வகைகள், குளோரைட், கொஞ்சம் கரிமம். அந்தக் கரிமம்தான் கறுப்பு கொடுப்பது. காய்ந்த கல் சாம்பலாகத் தெரியக் காரணம், மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய மேடுபள்ளங்களில் ஒளி பட்டுச் சிதறுவது. சிதறிய ஒளி கண்ணுக்கு வந்து நிறத்தை வெளுப்பாக்குகிறது. அந்தப் பள்ளங்களில் எண்ணெய் நிரம்பினால் சிதறல் குறையும், உள்ளே இருக்கும் கறுப்பு தெரியும். மழையில் நனைந்த சிமெண்ட் தரை கறுப்பதும் இதே கணக்கு.

எண்ணில் சொன்னால், காற்றின் ஒளிவிலகல் எண் 1, தண்ணீருக்கு 1.33, லிக்விட் பாரஃபினுக்குச் சுமார் 1.47, குவார்ட்ஸுக்கு 1.54. கல்லின் எண்ணுக்கு எந்தத் திரவம் நெருக்கமோ அது அதிகம் கறுக்க வைக்கும். அதனால்தான் தண்ணீரைவிட எண்ணெயில் கறுப்பு கூடுதல்.

இனி எழுத்துக்கு வாருங்கள். லேசர் பட்ட இடத்தில் கல் உருகி, உடனே ஆறி, குமிழியும் விரிசலும் நிறைந்த கண்ணாடி மாதிரி ஒரு படலம் ஆகிறது. கரிமமும் எரிந்துபோகிறது. அந்தப் படலத்தில் ஒளி தாறுமாறாகச் சிதறுவதுதான் நாம் பார்க்கும் வெள்ளை. அதிலும் எண்ணெய் போனால்? அங்கேயும் சிதறல் குறையும், அங்கேயும் மங்கும். மூடிய குமிழிக்குள் எண்ணெய் நுழையாது என்பதால் முழுக்க அழியாமல் சாம்பல் நிறத்தில் நிற்கிறது. திறந்த விரிசலுக்குள் நுழைந்துவிடும்.

ஆக, ஒரே எண்ணெய் கல்லுக்கு நல்லது செய்து எழுத்துக்குக் கெடுதல் செய்கிறது. இதற்கு 'சரியான எண்ணெய்' என்று ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. எண்ணெய் எங்கே போகிறது, எவ்வளவு போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எண்ணெய் பூசுவதற்கு முன் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். முடிவு எப்படி இருக்கும் என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் காயவிட்டால் போதும்.

4 மார்ச் 2023, கொஞ்ச நேரம் கழித்து

கார்பன் டை ஆக்சைடு லேசர் வைத்திருப்பவர்களுக்கும் இதுவேதான். ஒரு வித்தியாசம் உண்டு. அதன் அலைநீளம் 10.6 மைக்ரான், குவார்ட்ஸும் மைக்காவும் அந்த அலைநீளத்தை நேரடியாக விழுங்கும். நம் டையோடின் 450 நானோமீட்டர் நீல ஒளிக்குக் குவார்ட்ஸ் வெறும் கண்ணாடி. கல்லில் இருக்கும் கரிமமும் இரும்புச் சத்துள்ள கனிமங்களும்தான் அதைப் பிடித்துச் சூடாகின்றன. அதனால் டையோடுக்குக் கறுத்த கல் நல்லது, பச்சைச் சாயல் வெளிர்கல் படுத்தும்.

அந்தக் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-இல் பெல் ஆய்வகத்தில் செய்தவர் குமார் படேல். மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்தவர். கடையில் 'எல்லாம் சைனா மிஷினுங்க' என்பவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், விலையில் பைசா குறையவில்லை.

5 மார்ச் 2023

எவ்வளவு எண்ணெய் என்று தனியாகக் கேட்கிறார்கள். கணக்கே போட்டுவிடுவோம்.

அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். தர அளவில் முதல்தரக் கூரைச் சிலேட்டு தன் எடையில் 0.25 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. 10 செ.மீ. சதுரம், 6 மி.மீ. கனத்தில் ஒரு கோஸ்டர் சுமார் 165 கிராம் இருக்கும். அதில் 0.25 சதவீதம் என்றால் 0.4 கிராம். சொட்டுக்கணக்கில் எட்டு சொட்டு வரும். கல்லின் அத்தனை துளையையும் ஓர வரைக்கும் நிரப்பினால்தான் அவ்வளவு. எண்ணெய் தண்ணீரைவிடக் கொழகொழப்பு, அவ்வளவு தூரம் போகாது. நமக்கு வேண்டியது மேல்தோல் மட்டும். நான்கு சொட்டு தாராளம்.

வீடியோவில் கரண்டியால் ஊற்றி ஊறவைக்கிறார்களே என்றால், அது பார்க்க அழகாக இருக்கிறது, அதற்காகச் செய்கிறார்கள். ஊற்றிய எண்ணெய் எல்லாம் துடைத்த துணிக்குத்தான் போகும். துடைக்காமல் விட்டால் உங்கள் மேசை விரிப்புக்கு.

9 மார்ச் 2023

ஒரு வாசகர் கொதித்துப்போய் எழுதியிருக்கிறார்: "கோவில் மூலவருக்குக் காலங்காலமாக நல்லெண்ணெய்க் காப்புதான். சிலை கன்னங்கரேலென்று மின்னுகிறது. நீங்கள் மலமிளக்கி பூசச் சொல்கிறீர்கள்."

நல்ல கேள்வி, நானும் இதை நிறைய யோசித்திருக்கிறேன். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று முழுசாகப் பாருங்கள். எண்ணெய்க் காப்பு சாத்தி அப்படியே விட்டுவிடுவதில்லை. அடுத்து மாப்பொடி வரும், அப்புறம் மஞ்சள்பொடி, அப்புறம் பால், தயிர் என்று வரிசையாக. அந்த அரிசி மாவு எண்ணெயை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகிறது. பூசுவதும் எடுப்பதும் சேர்ந்ததுதான் காப்பு. பூசுவதை மட்டும் நாம் காப்பியடித்தால் எப்படி? பராமரிப்பு இல்லாத சின்னக் கோவில்களில் விளக்கு மாடத்துக்குப் பக்கத்துக் கல்லைத் தொட்டுப் பாருங்கள், விரல் ஒட்டும். அதுதான் எடுக்காமல் விட்ட நல்லெண்ணெய்.

காரணம் அயோடின் எண். எண்ணெய் காற்றோடு சேர்ந்து எவ்வளவு இறுகும் என்பதற்கு இது ஒரு குத்துமதிப்பான அளவு. தேங்காய் எண்ணெய்க்கு 10-க்குள், அதனால் இறுகவே இறுகாது. ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கு மேல், இறுகிக் கெட்டியான படலம் ஆகும். நல்லெண்ணெய்க்கு 100-க்கு மேல் 120-க்குள். நடுவில் மாட்டிக்கொண்ட கேஸ். முழுசாகக் காயவும் காயாது, எண்ணெயாகவே இருக்கவும் இருக்காது. பிசுக்காகி, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாம் ஏறக்குறைய இதே வகை. விளக்கெண்ணெய் காயாது, ஆனால் அந்தக் கொழகொழப்பைத் துடைத்தெடுப்பதற்குள் பொழுது போய்விடும்.

அப்புறம் மூலவர் கருங்கல். அது வேறு கல், வேறு துளை. திருவரங்கத்து மூலவர் சுதை, அதனால் அவருக்குத் தண்ணீர்த் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்பு மட்டும். எந்தப் பொருளுக்கு எது என்று அவர்கள் எவ்வளவோ காலத்துக்கு முன்பே பிரித்து வைத்திருக்கிறார்கள். நாம்தான் எல்லாவற்றுக்கும் ஒரே டப்பாவைத் தூக்குகிறோம்.

11 மார்ச் 2023

ஆளிவிதை எண்ணெய் பற்றி. ஹார்டுவேர் கடையில் 'டபுள் பாயில்டு லின்சீடு ஆயில்' என்று கேட்டால் கிடைக்கும், மரவேலைக்காரர்கள் வாங்குவது. இது காய்ந்து நிலைத்து நிற்கும், திரும்பத் திரும்பப் பூச வேண்டாம். இங்கிலாந்துப் பக்கம் சிலேட்டு அடுப்படிக் கற்களுக்கு இதைப் பூசும் பழக்கம் உண்டு.

பெரிய பரப்புக்கு, எழுத்தே இல்லாத வெறும் கல்லுக்கு, சரி. பொறித்த கல்லுக்கு நான் பூச மாட்டேன். காய்ந்ததும் மஞ்சள் தட்டும், அதுவும் வெளிச்சம் குறைந்த அறையில் அதிகம். வெள்ளை எழுத்து காவி எழுத்தாகும். விரிசலுக்குள் போய்க் கெட்டியாகிவிட்டால் வெளியே எடுக்க வழியில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு வேண்டவே வேண்டாம். கடையில் விற்பதில் சீக்கிரம் காய்வதற்காகக் கோபால்ட், மாங்கனீஸ் உப்புகள் சேர்த்திருப்பார்கள்.

11 மார்ச் 2023, இரவு

மேலே எழுதியதில் முக்கியமானது விட்டுப்போயிற்று. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது காயும்போது சூட்டை வெளியே விடும். சுருட்டிய துணிக்குள் சூடு போக வழியில்லாமல் தானாகத் தீப்பிடிக்கும். கட்டுக்கதை இல்லை. 1991 பிப்ரவரி 23 அன்று பிலடெல்ஃபியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது இப்படித்தான். 22-ஆம் மாடியில் மரப்பலகைக்கு மெருகு போட்டவர்கள் விட்டுப்போன எண்ணெய்த் துணி. தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தார்கள். 30-ஆம் மாடியில் தெளிப்பான்கள் இருந்ததால் அங்கே நின்றது.

துணியை விரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள். லிக்விட் பாரஃபினுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது காற்றோடு சேர்வதே இல்லை.

12 மார்ச் 2023

எந்தத் துணி? பனியன் வேஸ்ட். கிலோ கணக்கில் கிடைக்கும். டர்க்கி டவல் வேண்டாம், அதன் நூல் சிலேட்டின் சொரசொரப்பில் மாட்டிக்கொண்டு வெள்ளை முடி முளைத்த மாதிரி ஆகிவிடும்.

20 மார்ச் 2023

இரண்டு பேர் படம் அனுப்பி, "நீங்கள் சொன்னபடியே செய்தேன், எழுத்து சுண்ணாம்பு மாதிரி உதிர்கிறது" என்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது சிலேட்டே இல்லை, கடப்பா கல்.

தமிழ்நாட்டில் இந்தக் குழப்பம் தவிர்க்க முடியாதது. கல் பட்டறையில் 'கறுப்பா, தட்டையா, லேசா ஒரு கல் வேணும்' என்றால் கடப்பா கல்லைத்தான் எடுத்துப் போடுவார்கள். நம் வீட்டு அலமாரியிலும் சமையல் மேடையிலும் இருப்பது அது. அது சுண்ணாம்புக் கல் வகை. லேசர் பட்டால் உருகிக் கண்ணாடியாவதில்லை. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அளவில் நடக்கிறது, வெள்ளைத் தூள். முதலில் சிலேட்டைவிடப் பளிச்சென்று தெரியும், தேய்த்தால் போய்விடும்.

கண்டுபிடிக்க எலுமிச்சம்பழம் போதும். கல்லின் அடிப்பக்கம் கொஞ்சம் கீறிவிட்டு இரண்டு சொட்டு பிழியுங்கள். பொடிப்பொடியாக நுரை வந்தால், அல்லது துடைத்த பிறகு மங்கலான தழும்பு நின்றால், கடப்பா. சிலேட்டில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. (சில சிலேட்டு வகையில் கால்சைட் கொஞ்சம் இருக்கும், லேசாக நுரைக்கலாம். சந்தேகம் இருந்தால் ஓரத்தைப் பாருங்கள். சிலேட்டு தகடு தகடாகப் பிரியும், கத்தி முனை நுழையும்.)

கடப்பா கல்லில் செய்யக் கூடாது என்பதில்லை. செய்தால் தூளை ஈரத்துணியில் முழுசாகத் துடைத்தெடுத்துவிட்டு மிச்சம் நிற்பதை எழுத்தாக ஏற்றுக்கொள்ளுங்கள். எண்ணெய் அதற்கு நன்றாகவே பிடிக்கும். எங்கள் வீட்டில் அலமாரிக் கல்லை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பளபளப்பாக்குவார்கள், பூச்சியும் வராது என்பார்கள். நாற்றத்தில் நாங்களும் அந்தப் பக்கம் போக மாட்டோம்.

21 மார்ச் 2023

இன்னொரு வகை ஏமாற்று. ஆன்லைனில் வரும் மலிவு கோஸ்டர்களில் சில முன்பே கறுப்புச் சாயமோ எண்ணெயோ பூசி வரும். தின்னரில் நனைத்த பஞ்சால் அடிப்பக்கம் ஒரு இழுப்பு இழுங்கள். பஞ்சு கறுத்தால் மொத்தத்தையும் கழுவிவிட்டுத்தான் லேசருக்கு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் புகை லென்ஸில் படிந்து, 'லேசர் பவர் குறைந்துவிட்டது' என்று மெஷின் விற்றவனைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

2 ஏப்ரல் 2023

பொறிப்பதற்கு முன் எண்ணெயா, பின்னாலா? தனிக் கட்சிகளே இருக்கின்றன.

முன்னால் பூசுபவர்களின் வாதம்: கல் முழுக்கக் கறுப்பு, லேசர் போன இடத்தில் எண்ணெய் எரிந்து வெள்ளை. கேட்க நன்றாக இருக்கிறது. புகை வரும், கரி படியும், சுற்றியிருக்கும் எண்ணெய் ஓரிரு நாளில் எழுத்துக்குள் ஊர்ந்து வரும். எண்ணெய் நின்ற இடத்தில் நிற்காது, மெல்லிய விரிசல் எங்கே இருக்கிறதோ அங்கே இழுக்கப்பட்டுப் போகும். முதல் நாள் படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டு ஓடிவிடுகிறவர்களுக்கு இந்த முறை பொருத்தம்.

பின்னால் பூசுவது என்றால் நான் செய்வது இது. பொறித்ததும் பழைய டூத் பிரஷும் தண்ணீரும் வைத்துத் தூளை எடுத்துவிடுவேன். ஒரு நாள் முழுக்கக் காயும். தட்டையான மரக்கட்டையில் பனியன் துணியை இறுக்கிச் சுற்றி, அதில் இரண்டு சொட்டு விட்டு, வேறொரு துணியில் ஒற்றி எடுத்து, கிட்டத்தட்ட உலர்ந்த கட்டையாக்கிக் கல்லின் மேல் இழுப்பேன். மேட்டில் மட்டும் பிடிக்கும், எழுத்துப் பள்ளத்துக்குள் அதிகம் இறங்காது. உடனே சுத்தத் துணியால் துடைப்பு. ஊற விடுவதில்லை.

தடித்த எழுத்துக்கு இது நன்றாக வருகிறது. போட்டோ பொறித்த கல்லுக்கு வரவே வராது. போட்டோவில் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் உள்ள கல்தான் நிழல். அங்கே எண்ணெய் பட்டால் புள்ளியும் மங்கி முகமே சேறாகிவிடும். போட்டோக் கல்லை அப்படியே விட்டுவிடுங்கள். சாம்பல் பின்னணியில் மென்மையாகத் தெரிவதுதான் அதற்கு அழகு என்று வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள், பொய்யும் இல்லை.

3 ஏப்ரல் 2023

லாக்கர் (வார்னிஷ் மாதிரிப் பூச்சு) முறையைச் சொல்லவில்லையே என்கிறார் ஒருவர். ஆமாம், இங்கே எண்ணெய் பற்றித்தான் பேச்சு என்பதால் தள்ளிவைத்தேன். கிளியர் லாக்கர் ஸ்பிரேயை முதலில் மெல்லிசாக அடித்து, காய்ந்த பிறகு பொறிப்பது. லாக்கர் கல்லைக் கறுக்க வைக்கும், லேசர் போன இடத்தில் லாக்கர் எரிந்து வெறும் வெள்ளைக் கல் நிற்கும். காய்ந்த லாக்கர் எண்ணெய் மாதிரி ஊர்ந்து போகாது, அதனால் வித்தியாசம் அப்படியே நிலைக்கும்.

யோசித்துப் பார்த்தால், கறுப்பு-வெள்ளை வித்தியாசம் மட்டும்தான் நோக்கம் என்றால் இது எண்ணெயைவிட மேல். முதல் நாள் நான் எழுதியதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இதையும் படிக்க வேண்டும். எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்றால் தொடும்போது கல் மாதிரி இல்லை, பிளாஸ்டிக் மாதிரி வழுக்கும். சூடான டபரா வைத்தால் சில லாக்கர் வெளுத்து வட்டம் போடும். சாப்பிடும் பொருள் படும் தட்டுக்கும் சரிவராது. சுவர்ப் பலகைக்கு, பெயர்ப் பலகைக்கு ஓகே.

16 ஏப்ரல் 2023

சித்திரை விடுமுறைக்கு ஊரில் பரணைச் சுத்தம் செய்தபோது மரச்சட்டம் போட்ட பழைய கல் சிலேட்டு ஒன்று கிடைத்தது. பலர் வீட்டில் இருக்கும். ஆந்திரத்து மார்க்காப்பூர் பக்கத்துக் கல்லாக இருக்க நல்ல வாய்ப்பு, பள்ளிக்கூடச் சிலேட்டுக்குப் பேர்போன இடம் அது.

நாம் எல்லோரும் சின்ன வயதிலேயே சிலேட்டுக்கு மெருகு போட்டவர்கள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. கோவை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்து அரைத்துத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, 'யாருடைய சிலேட்டு கறுப்பு' என்று போட்டி. இலைச்சாறு கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கறுத்த சிலேட்டில் பலப்பம் எழுத்து பளிச்சென்று தெரியும். இன்று நாம் லிக்விட் பாரஃபினில் தேடுவதும் அந்த வித்தியாசத்தைத்தான், கோவை இலைக்குக் காசு கிடையாது.

உடனே ஒருவர் கேட்பார், பொறித்த கல்லுக்குக் கோவை இலை தேய்க்கலாமா என்று. தேய்த்துப் பார்த்தேன். கரி எழுத்து விரிசலுக்குள் புகுந்து, எழுத்து கறுப்பாகிவிட்டது. கல்லும் கறுப்பு, எழுத்தும் கறுப்பு. பொறிப்பதற்கு முன் தேய்த்தால் வேலை செய்கிறது, ஆனால் கையில் ஒட்டும்.

ஒரு எச்சரிக்கை. இப்போது கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் சிலேட்டை விளையாட்டுக்குக்கூட லேசரில் வைக்காதீர்கள். பி.வி.சி. என்றால் எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வரும், நுரையீரலும் போகும், மெஷின் கம்பிகளும் துருப்பிடிக்கும். தகரச் சிலேட்டின் பெயிண்டில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும், அதையும் விடுங்கள்.

18 ஏப்ரல் 2023

பலப்பம் என்றதும் நினைவுக்கு வந்தது, சொல்லாமல் போனால் சரியில்லை. மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர் என்ற ஊர், நாம் எழுதிப் பழகிய சிலேட்டுக்குச்சி வெட்டுகிற தொழிலுக்குப் பேர்போனது. அந்தக் கல்தூளைச் சுவாசித்துத் தொழிலாளர்கள் சிலிக்கோசிஸ் நோயில் இளவயதிலேயே இறந்தார்கள். மருத்துவ ஆய்வுகளில் பதிவான செய்தி. தூளில் இருந்த குவார்ட்ஸ் நுரையீரலில் தங்கினால் வெளியே வராது.

நம் கோஸ்டரிலும் அதே குவார்ட்ஸ். ஓரத்தை வழவழப்பாக்க உப்புத்தாள் போடுகிறீர்கள் என்றால் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். பொறித்த பிறகு தூளை வாயால் ஊதக் கூடாது, ஏர் பிளோயரால் அடிக்கவும் கூடாது. ஈரத்துணி, ஈர பிரஷ். முகமூடி என்றால் என்-95 (N95) வகை, கைக்குட்டை இல்லை. எந்த எண்ணெய் என்று மாதக்கணக்கில் பேசுகிறோம், இதை ஒருவரும் கேட்கவில்லை.

7 மே 2023

தேன்மெழுகு கலக்கலாமா? கலக்கலாம். லிக்விட் பாரஃபின் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, கொதிக்கும் நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கிக் கலக்க வேண்டும். வெறும் எண்ணெயைவிடக் கையில் ஒட்டுவது குறைவு, நாளும் கூடுதலாக நிற்கிறது. ஊர்ந்து போவதும் குறைவு, அதனால் எழுத்து தப்பிக்கிறது.

ஆனால் காபி கோஸ்டருக்கு வேண்டாம். தேன்மெழுகு 62 டிகிரி வாக்கில் உருகும். எண்ணெய் கலந்தால் அதற்கும் கீழேயே இளகும். நம் ஊர் ஃபில்டர் காபி டபராவின் அடிப்பாகம் அந்தச் சூட்டுக்குச் சாதாரணமாகவே போகும். விருந்தாளி டபராவைத் தூக்கும்போது கோஸ்டரும் கூடவே எழும்பி, பாதி வழியில் தரையில் விழுந்தது எங்கள் வீட்டிலேயே நடந்தது. சிலேட்டு தகடாகப் பிரியும் கல் என்பதை மாமியார் அன்று நேரில் பார்த்தார். சீஸ் பரிமாறும் பலகைக்கு நல்லது. சீஸ் எங்கே நாம் பரிமாறுகிறோம் என்றால், வாங்குகிறவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள்.

15 ஜூலை 2023

முதல் நாள் பாக்கி வைத்தது: எண்ணெயை எடுப்பது எப்படி.

லிக்விட் பாரஃபின், தேங்காய் எண்ணெய் இரண்டும் காயாத வகை, எடுத்துவிடலாம். வெந்நீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, டூத் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். தேங்காய் எண்ணெய்க்குப் பச்சைத் தண்ணீர் போதாது, வெந்நீர் கட்டாயம். நன்றாகக் காய்ந்த பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு, விளக்கு கூடாது.

அப்படியும் எழுத்து மங்கலாக நின்றால் மாப்பொடி வைத்தியம். மார்ச்சில் கோவில் காப்பு பற்றி எழுதியபோது தோன்றியதுதான், பிறகு செய்து பார்த்தேன். பச்சரிசி மாவை அந்த ஆல்கஹாலிலேயே குழைத்து எழுத்தின் மேல் கெட்டியாக அப்பி, காய்ந்து உதிரும்வரை விட்டுவிட வேண்டும். ஆல்கஹால் எண்ணெயை இளக்கி மேலே கொண்டுவரும், மாவு உறிஞ்சிக்கொள்ளும். ஒரு தடவையில் போகாவிட்டால் இன்னொரு தடவை. கல் வேலைக்காரர்கள் கறை எடுக்க டால்கம் பவுடரில் செய்வார்கள், மாவும் வேலை செய்கிறது. எறும்பு வருவதற்குள் எடுத்துவிடுங்கள்.

நல்லெண்ணெய் பிசுக்கேறிவிட்டால் பாதிதான் போகும். ஆளிவிதை காய்ந்திருந்தால் மறுபடி லேசர் ஓட்டுவதுதான் வழி, கல்லை வைத்த இடம் மில்லிமீட்டர் பிசகாமல் இருந்தால். வைத்த இடத்துக்கு அட்டையில் ஒரு சட்டம் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று இதற்காகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

16 ஜூலை 2023

கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார், சோப்பும் வெந்நீருமே போதுமாக இருந்ததாம், எழுத்து வந்துவிட்டதாம். இப்போது மறுபடி எண்ணெய் பூசலாமா என்கிறார். மேலே ஏப்ரல் 2 குறிப்பைப் படியுங்கள் ஐயா.

28 அக்டோபர் 2023

மழைக்காலம் வந்ததும் வேறு மாதிரிக் கேள்விகள். வீட்டு வாசலில் மாட்டிய பெயர்ப் பலகைக்கு எண்ணெய் பூச வேண்டுமா?

வேண்டாம். வெயிலும் மழையும் அடிக்கும் இடத்தில் லிக்விட் பாரஃபின் சில வாரம்கூட நிற்காது, அது நிற்கும்வரை ரோட்டுப் புழுதி ஒட்டும். இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயர் பக்கம் ஸ்வித்லாந்து என்ற ஊர்ச் சிலேட்டில் 18-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய கல்லறைக் கற்கள் இன்றும் எழுத்து எழுத்தாகப் படிக்க முடிகிறது, மழை நாட்டில், எண்ணெய் இல்லாமல். அவை உளியால் ஆழமாக வெட்டியவை. நம் லேசர் எழுத்து நகத்துக்குத் தட்டுப்படும் ஆழம்தான், அந்த ஆயுள் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வாசலுக்கு என்றால் பவரைக் கூட்டி, வேகத்தைக் குறைத்து, பெரிய எழுத்தாகப் பொறியுங்கள்.

பலகையில் பழுப்புப் புள்ளி வந்து கீழ்நோக்கி வழிகிறது என்று ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார். அது எண்ணெய் பூசாததால் வந்தது அல்ல. கல்லுக்குள் பைரைட் இருக்கிறது, இரும்பும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் பளபளப்புத் துணுக்கு. ஈரம் பட்டுத் துருப்பிடித்து வழிகிறது. பொறிக்கும்போது தீக்குச்சி கிழித்த மாதிரி கந்தக வாசனை வந்ததா என்று கேட்டேன், வந்தது என்கிறார். அப்படிப்பட்ட கல்லை வீட்டுக்குள் மாட்டுங்கள். வாசலுக்கு வேறு கல் எடுங்கள், எடுக்கும்போது வெயிலில் சாய்த்துப் பாருங்கள், மின்னும் துணுக்கு இருந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள்.